முட்டியக்காவின் பயணிகள்

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வலது முட்டியைக் குழந்தை சீட்டின் குழிக்குள் இறக்கி, உடம்பின் மொத்தக் கனத்தையும் அதன்மேல் போட்டு, முட்டியக்கா பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தார். பாதி உடம்பு காருக்குள், பாதி வெளியே. இழுக்கும்போது அவர் பெல்ட்டைப் பார்ப்பதில்லை. பக்கத்து அறையில் யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்பவர் போலத் தலையைச் சாய்த்து எங்கோ பார்ப்பார். பெல்ட் உள்ளே போகும் டிக் டிக் சத்தம் நின்றதும் முட்டியை எடுத்துவிட்டு, சீட்டைப் பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து இடமும் வலமுமாக உலுக்கினார்.

"இப்பப் பேசு பாக்கலாம்" என்றார். காரின் சொந்தக்காரரிடம் அல்ல, சீட்டிடம்.

ஒரு விரல் அகலத்துக்கு மேல் அசைந்தால் அந்தச் சீட்டு 'பேசுது' என்று அர்த்தம். "பாத்தீங்களா, எப்படி வாயடிக்குது! இவ்வளவு வாயடிக்கிற சீட்டுல நம்ம மேடத்தை எப்படி உக்கார வைக்கறது?" என்று மறுபடியும் முட்டியை இறக்கினார். மேடம் என்பது தாயின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்த பச்சைக் குழந்தை. ஆண் குழந்தை என்றால் 'சார்'. பிறந்து இரண்டு நாள்கூட ஆகாதவர்களை அவர் வேறு எப்படியும் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

மகப்பேறு மருத்துவமனையின் பின்வாசல் ஒரு கார் நிறுத்துமிடத்தில் போய் முடிகிறது. வீட்டுக்குப் போகும் குழந்தைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் உலகத்துக்குள் இறங்குகின்றன. அங்கே, சரிவுப் பாதையின் கீழே, மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு குள்ளமான அம்மாள் நிற்பார். குழந்தை சீட்டு ஒவ்வொன்றையும் காரில் சரியாகக் கட்டி அனுப்புவது மருத்துவமனையில் அவர் வேலை. தோள் அகலம், கழுத்து குட்டை, நரையை மறைக்காத தலை. பேன்ட்டின் இரண்டு முட்டியிலும் தடித்த துணியை அவரே ஒட்டுப்போட்டுத் தைத்திருப்பார். மேலங்கியின் ஒரு பையில் சுருட்டிய சிறு துண்டுகள், மறு பையில் எலுமிச்சை மிட்டாய். மிட்டாய் பெற்றோருக்கு. கை நடுங்குகிற அப்பா யாராவது வந்தால், "முதல்ல இதை வாயில போடுங்க, அப்புறம் பேசலாம்" என்று உறையைப் பிரித்தே கொடுத்துவிடுவார்.

அன்று அந்த வரிசையில் அடுத்ததாக நின்றவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு மிட்டாய் தேவைப்படவில்லை, அல்லது தேவையில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். இருபது மாடி ஆழத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒற்றைப் பெல்ட்டில் தொங்கி வேலை பார்ப்பவன். பெல்ட் விஷயத்தில் யாரும் தனக்குப் பாடம் எடுக்க முடியாது என்ற எண்ணம் அவனுக்கு உண்டு. ஆனால் முந்தின நாள், மேலே வார்டில், அவனுடைய மகள் அவனை ஆட்டிவைத்திருந்தாள்.

மகள் அவசரப்பட்டு, நாள் நிறையும் முன்பே வந்துவிட்டவள். கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சதை பிடித்து, ஒருவழியாக வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். கூடவே ஒரு கொக்கியையும் போட்டார். இப்படி முன்கூட்டியே பிறந்த குழந்தைகள் கார் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் சில சமயம் தலை முன்னால் தொங்கி மூச்சுக்குழல் மடங்கிவிடும். அதனால் வார்டிலேயே சீட்டில் உட்கார வைத்து, மானிட்டரைப் பொருத்தி, வீடு போய்ச் சேரும் நேரத்தைவிடக் கூடுதல் நேரம் பார்ப்பார்கள். மூச்சு சீராக இருந்தால் வீடு. இல்லாவிட்டால் இல்லை. முந்தின நாள் வைத்துப் பார்த்தபோது, கொஞ்ச நேரத்திலேயே அந்தச் சின்னத் தலை நெஞ்சில் கவிழ்ந்தது. மானிட்டர் கத்தியது. நர்ஸ் அள்ளித் தூக்கினார். மெக்கானிக் சுவரோடு சுவராக நின்றான். கயிறும் கப்பியும் அவனுக்குத் தெரியும். இந்த மூச்சைப் பிடித்து நிறுத்த அவனிடம் எந்த ஸ்பேனரும் இல்லை.

"நாளைக்கு முட்டியக்கா வரட்டும், மறுபடியும் பாக்கலாம்" என்றார் நர்ஸ். யார் அந்த முட்டியக்கா என்று கேட்டதற்கு, "கீழ போய்ப் பாருங்க, முட்டி போட்டுக்கிட்டு இருப்பாங்க" என்று பதில் வந்தது.

ஆகவே இப்போது பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்னால் நின்ற கார் கிளம்பிப் போனதும் முட்டியக்கா அவனுடைய வண்டிக்கு வந்தார். அது கம்பெனி கொடுத்த வேன். இருப்பதே இரண்டு சீட்டு. பின்னால் முழுக்க இரும்புக் கயிற்றுச் சுருளும் கிரீஸ் டப்பாவும் ஸ்பேனர் பெட்டியும். ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டில் குழந்தை சீட்டை, நர்ஸ் சொல்லியிருந்தபடியே, முதுகு காட்டி உட்கார்கிற மாதிரி திருப்பிக் கட்டி வைத்திருந்தான்; மனைவி ஆட்டோவில் பின்னால் வருவதாக ஏற்பாடு. முட்டியக்கா பிடித்து உலுக்கினார். சீட்டு வாயே திறக்கவில்லை.

"யாரு கட்டினது?"

"நான்தாங்க்கா."

"நல்ல கை" என்றார். மெக்கானிக்கின் நெஞ்சு ஒரு சுற்று பெருத்தது. அடுத்த நொடியே, "ஆனா எடம் தப்பு தம்பி. அவுருங்க" என்றார்.

டேஷ்போர்டில் கையுறைப் பெட்டிக்கு மேலே பதிந்திருந்த எழுத்தை விரலால் தடவிக் காட்டினார். ஏர்பேக், வண்டி மோதினால் விரிந்து தாங்கும் காற்றுப்பை. பிறகு குனிந்து பக்கவாட்டில் தேடினார். சில வண்டிகளில் அதை நிறுத்திவைக்க ஒரு சாவித் துளை இருக்கும். இதில் இல்லை.

"உயிரைக் காப்பாத்தத்தானே அதை வெச்சிருக்காங்க, அக்கா?"

"உங்க உயிரை. உங்க வீட்டம்மா உயிரை. மேடத்தோட உயிரை இல்ல." வேனின் கதவில் சாய்ந்துகொண்டார். "அது விரியறதை நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"நான் மடிச்சிருக்கேன் தம்பி."

முட்டியக்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் தப்பு செய்வது இந்த இடத்தில்தான். இந்தப் பெண்மணிக்கு ஏதோ பெரிய துயரம் இருக்கவேண்டும், ஒரு பிள்ளையை விபத்தில் பறிகொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வெயிலில் ஏன் இப்படி மண்டியிட்டுச் சாகிறார் என்று எல்லோருக்கும் தோன்றும். பலர் கேட்டும் விட்டார்கள். அவருக்கு அதில் கடுப்பு. "ஏங்க, ஒரு வேலைய நல்லா செய்யறதுக்கு வீட்டுல எழவு விழணுமா? எனக்கு ரெண்டு பசங்க. ரெண்டும் தடிமாடு மாதிரி இருக்குதுங்க. ஒருத்தன் விடற குறட்டையில பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்க." துயரம் எதுவும் இல்லை. இருந்தது வேறொன்று. அதைத்தான் அன்று மெக்கானிக்கிடம் சொன்னார்.

மருத்துவமனைக்கு வருவதற்கு முன்னால் அவர் ஏர்பேக் தைக்கும் தொழிற்சாலையில் மடிப்புப் பிரிவில் இருந்தார். தைத்து வரும் பையை மேசையில் விரித்து, இப்படி ஒரு மடிப்பு, அப்படி ஒரு மடிப்பு, ஓரங்களை உள்ளே தள்ளி, சுருட்டி, ஒரு ரொட்டி அளவுக்கு ஆக்கி உறைக்குள் வைக்கவேண்டும். மடிப்பு மாறினால் விரிவதும் மாறும். மேற்பார்வையாளர் அளவுகோலை வைத்து அளந்து பார்ப்பார். வருஷக்கணக்கில் மடித்தார். ஒன்றுகூட விரிந்து பார்த்ததில்லை. "புடவைக்கடையில வேலை பாக்கறவ மாதிரி வெச்சுக்கோங்க. மடிச்சு மடிச்சு அடுக்குவேன். யாரு கட்டினா, எப்படி இருந்துச்சு, எதுவும் தெரியாது."

ஒருநாள் மடிப்புப் பிரிவுக்காரர்களை எல்லாம் சோதனைக் கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு டேஷ்போர்டு, ஒரு சீட்டு, அதில் ஒரு பொம்மை மனிதன். அவர் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 'டமார்' என்று ஒரு சத்தம். வயிற்றில் குத்தியது போல இருந்தது. பார்த்தால், பை விரிந்து, வேலையை முடித்து, காற்று போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பொடி மிதந்தது.

"நான் கண்ணை மூடவே இல்ல தம்பி. சத்தியமா மூடல. ஆனா எனக்குத் தெரியவே இல்ல. இருந்துச்சு, அப்புறம் முடிஞ்சு போச்சு. நடுவுல ஒண்ணுமே இல்ல."

அப்புறம் அதையே மெதுவாக ஓடும் படமாகப் போட்டுக் காட்டினார்கள். டேஷ்போர்டின் மூடி பிளக்கிறது. உள்ளேயிருந்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. முதலில் சுருள் அவிழ்கிறது. பிறகு ஓரங்கள். பிறகு வலது மடிப்பு. கடைசியாக இடது. அவர் எந்த வரிசையில் மடித்தாரோ அதற்கு நேர் எதிர் வரிசையில், ஒன்றுகூடப் பிசகாமல், ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வருகிறது. தன் விரல் பட்ட இடம் ஒவ்வொன்றும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. முன்னால் பாய்ந்து வந்த பொம்மை மனிதனின் முகம் அந்தப் பையில் பதிந்து, மெதுவாகத் திரும்பிப் போனது. பக்கத்தில் நின்ற பெண் இவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "கோயிலுக்குப் போய் நின்னா ஒரு மாதிரி இருக்கும் பாருங்க, அப்படி இருந்துச்சு. நம்ம கை இதையா செஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு."

அதோடு விட்டிருக்கலாம். இன்னொரு படத்தையும் போட்டார்கள். அதே டேஷ்போர்டு. முன்சீட்டில் முதுகு காட்டிக் கட்டிய குழந்தை சீட்டு, அதில் கைக்குழந்தை அளவு பொம்மை. சீட்டின் முதுகு டேஷ்போர்டுக்கு ஒட்டினாற்போல இருந்தது. மூடி பிளந்தது. பை எட்டிப் பார்த்தது. அது விரிய இடமே இல்லை. அத்தனை வேகமும் அந்தச் சீட்டின் முதுகில், பொம்மையின் தலைக்குப் பின்னால்.

முட்டியக்கா கையை விரித்துக் காட்டினார். "மடிப்பு அதே மடிப்புதான் தம்பி. நான் மடிச்சதுதான். தப்பா ஒண்ணும் வேலை செய்யல. எதிர்ல உக்காந்திருக்கறது யாருன்னு அதுக்குத் தெரியாது. அது நாமதான் தெரிஞ்சு வெச்சுக்கணும்."

மெக்கானிக் தன் வேனின் டேஷ்போர்டைப் பார்த்தான். அத்தனை நாளும் டீ கிளாஸ் வைத்த இடம் அது. இப்போது அங்கே கையை வைக்கவே கூச்சமாக இருந்தது.

இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மெதுவாக ஓட்டுகிறேன் என்றான். "நீங்க மெதுவா ஓட்டுவீங்க. எதிர்ல வர்றவனுக்குச் சொல்லி அனுப்பிட்டீங்களா?" ஒயரைக் கழற்றிவிடுகிறேன், எனக்கு அந்த வேலை தெரியும் என்றான். "அதுக்குள்ள வெடிமருந்து மாதிரி ஒண்ணு இருக்கு. தெரியாத கை பட்டா அங்கேயே வெடிக்கும். அப்படியே கழட்டினாலும், நாளைக்கு உங்க வீட்டம்மா அங்க உக்காந்தா அவங்களுக்கு யாரு இருக்கா?" கடைசியாக, மனைவி மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்வாள் என்றான்.

முட்டியக்கா சிரித்துவிட்டார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"கயிறு அறுந்து லிஃப்ட் கீழ போனா, கையால எட்டிப் பிடிப்பீங்களா?"

அவன் வாயைத் திறந்தான். வாயில் ஒரு எலுமிச்சை மிட்டாய் வந்து விழுந்தது.

"பின்சீட்டு இருக்கற வண்டி யாருகிட்டயாவது இருக்கா?"

இருந்தது. அதுதான் தொல்லை. அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கார் இருக்கிறது. ஆனால் ஒரு விருந்தில், பத்துப் பேர் நடுவில், "நம்ம மாப்பிள்ளைக்கு என்ன, லிஃப்டுக்குள்ள நின்னு பட்டன் அமுக்கிப் பாக்கற வேலைதானே" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரிக்க, இவன் தட்டில் கையை உதறிவிட்டு எழுந்து வந்தவன்தான். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. மனைவி பிரசவ வலியில் கிடந்தபோதுகூட, ஒருவர் இந்த வாசல் வழியாக வந்தால் மற்றவர் அந்த வாசல் வழியாகப் போனார்.

"இருக்கு... ஆனா கேக்க முடியாது" என்றான்.

முட்டியக்கா ஏன் என்று கேட்கவில்லை. குனிந்து, அவன் அத்தனை நேர்த்தியாகக் கட்டியிருந்த சீட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். "மேல மேடம் மூச்சு விட்டுக் காமிக்கப் போறாங்க. அவங்க வேலைய அவங்க செய்வாங்க. உங்க வேலைய நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு, சீட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவுப் பாதையில் ஏறிப் போனார்.

அவன் போனை எடுத்தான். வைத்தான். எடுத்தான்.

"நான்தான்" என்றான்.

பதிலுக்குக் காத்திராமல் மேலே சொன்னான்.

"குழந்தைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். என் வண்டியில பின்சீட்டு இல்ல."

"எந்த வாசலுக்கு வரணும்?" என்றார் மச்சான்.

அவ்வளவுதான் பேச்சு.

வார்டுக்கு அவன் போனபோது முட்டியக்கா சீட்டைக் கட்டிலில் வைத்து அதன் சாய்வைச் சரிசெய்துகொண்டிருந்தார். ரொம்ப நிமிர்ந்தால் தலை முன்னால் விழும், ரொம்பச் சாய்ந்தால் வண்டியில் பிடிமானம் இருக்காது. பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கிறது, தரை மட்டத்துக்கு அது நேராக நிற்கவேண்டும். மனைவி குழந்தையைக் கொண்டுவந்து இறக்கினாள். குழந்தை சீட்டுக்குள் தொலைந்துபோனது போல இருந்தது. தடிமனான கம்பளிச் சட்டையை முட்டியக்கா கழற்றச் சொன்னார். "சட்டைய இறுக்கிக் கட்டி என்ன பண்றது, மேடத்தையில்ல கட்டணும். குளிருதுன்னா கட்டினதுக்கு மேல போர்த்திக்கலாம்." முதுகுக்குப் பின்னால், அடியில், எதுவும் வைக்கக்கூடாது என்று மனைவி கொண்டுவந்திருந்த சின்னத் தலையணையையும் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு மேலங்கிப் பையிலிருந்து துண்டுகளை எடுத்தார்.

அந்தக் கைகளை மெக்கானிக் அப்போதுதான் சரியாகப் பார்த்தான். கட்டை விரல்கள், வெடித்த நகங்கள், பெல்ட் இழுத்து இழுத்துத் தடித்துப்போன உள்ளங்கை. அந்தக் கை துண்டைக் கட்டிலில் விரித்தது. ஒரு மடிப்பு. திருப்பி ஒரு மடிப்பு. ஓரத்தை உள்ளே தள்ளி ஒரு சுருட்டு. அளவு வைத்து வெட்டியது போல ஒரு சுருள் வந்தது. அதைக் குழந்தையின் தலைக்கு ஒரு பக்கம் வைத்தார். அதேபோல் இன்னொன்று மறு பக்கம். கால்களுக்கு நடுவே வரும் பட்டைக்கும் உடம்புக்கும் இடையில் மெல்லிசாக மூன்றாவது ஒன்று, குழந்தை கீழே வழுக்காமல் இருக்க. தோள்பட்டைகளை இறுக்கினார். பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார், கிள்ள வரவில்லை. "மேடம் தயார்" என்று நர்ஸிடம் சொன்னார்.

மானிட்டரில் மூச்சையும் ரத்தத்தின் ஆக்சிஜனையும் காட்டும் எண்கள் ஓட ஆரம்பித்தன.

பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது. சில சமயம் வேகமாக நாலைந்து மூச்சு, பிறகு ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் மெக்கானிக்கும் மூச்சை நிறுத்தினான். குழந்தை மறுபடி இழுத்தபோது அவனும் இழுத்தான். மனைவி அவன் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ கட்டடங்களில் எத்தனையோ பேரை அவன் ஏற்றி இறக்கியிருக்கிறான். ஒரு சுண்டுவிரல் அளவு மார்பெலும்பு தன்பாட்டுக்கு ஏறி இறங்குவதைப் போல ஒரு யந்திரத்தை அவன் பார்த்ததில்லை. கயிறு இல்லை, மோட்டார் இல்லை, ஆனால் ஓடுகிறது. யாரும் அமுக்காமலே ஓடுகிறது.

பாதி நேரத்தில் ஆக்சிஜன் எண் இறங்கியது.

நர்ஸ் எழுந்தார். முட்டியக்கா அசையவில்லை. குழந்தையின் தலை சுருளில் சாய்ந்தது, ஆனால் கவிழவில்லை. எண் இன்னும் ஒன்று இறங்கியது. நர்ஸின் கை நீண்டு, குழந்தையைத் தொடாமல், அதன்மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. அபாயக் கோட்டை இன்னும் தொடவில்லை. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

குழந்தை தும்மியது. எண் ஏறியது. ஏறி, நின்றது.

"மேடத்துக்கு நம்மள மிரட்டிப் பாக்கறதுல ஒரு சந்தோஷம்" என்றார் முட்டியக்கா. அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

அப்போதுதான் தன் தோளுக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்பதை மெக்கானிக் உணர்ந்தான். மச்சான் வந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ. கடையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டோடு அப்படியே வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"மூச்சு விடுதா?" என்று கேட்டார்.

"விடுது" என்றான் மெக்கானிக்.

இந்தத் தடவை இரண்டு பேரும் வேறு வாசலைத் தேடவில்லை. குறித்த நேரம் முடிந்து மணி அடித்து, வீட்டுக்குப் போகலாம் என்று நர்ஸ் ஒயர்களைக் கழற்றும்வரை தோளோடு தோள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே, மச்சானின் காரில், பின்சீட்டுக்கு வழவழப்பான உறை போட்டிருந்தது. புதிது, விலை உயர்ந்தது. "இதுல வெச்சா சீட்டு சறுக்கு மரம் விளையாடும். எடுங்க" என்றார் முட்டியக்கா. மச்சான் மறுபேச்சில்லாமல் உரித்தெடுத்தார். பின்சீட்டின் நடுவில் சீட்டை வைத்து, முதுகு காட்டித் திருப்பி, ஒருவரை அந்தப் பக்கக் கதவிலும் ஒருவரை இந்தப் பக்கக் கதவிலும் நிறுத்தினார். அன்று முட்டியை அவர் கொடுக்கவில்லை. "தாய்மாமன் முட்டி எதுக்கு இருக்கு? இறக்குங்க. அப்பா இழுங்க. மெதுவா இல்ல, நல்லா. ஒரேயடியா இழுக்காதீங்க, அவரு அழுத்த அழுத்த இழுங்க." மச்சான் வெள்ளைக் கோட்டோடு முட்டி போட்டு அழுத்தினார். மெக்கானிக் இழுத்தான். இருவர் நெற்றியும் ஒருமுறை இடித்துக்கொண்டன.

முட்டியக்கா கையை நீட்டிச் சீட்டை உலுக்கினார்.

"அசையுதா?" என்றார் மச்சான் மூச்சு வாங்கியபடி.

"பேசல" என்றான் மெக்கானிக்.

"நல்லது. சீட்டு பேசக்கூடாது. மத்தவங்க பேசலாம், தப்பில்ல" என்றார் முட்டியக்கா, பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே.

மனைவி பின்னால், குழந்தைக்குப் பக்கத்தில் ஏறினாள். வீட்டுக்குப் போனதும் சீட்டிலிருந்து எடுத்துவிடவேண்டும், இது வண்டிக்கு, தூங்க வைக்கத் தொட்டில் இல்லை என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னார். மெக்கானிக் முன்னால், மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். முட்டியக்கா ஜன்னல் வழியாக எட்டி, அவன் சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொன்னார். நிமிர்ந்து உட்காரச் சொன்னார். பெல்ட்டைப் போடச் சொன்னார். "உங்களுக்கு எதிர்ல அது இருக்கு. அது உங்க ஆளு. அதுக்கு வேலை வராம இருக்கட்டும்."

நீங்களும் ஏறுங்கள், பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடுகிறோம் என்று மச்சான் கூப்பிட்டார். முட்டியக்கா பின்வாங்கினார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதுகூடப் பரவாயில்லை, காரில் உட்கார்ந்தாலே குமட்டும். நாள் முழுக்கக் காருக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறவர் வாழ்க்கையில் விரும்பிக் காரில் போனதில்லை. "ஐயோ சாமி, ஆளை விடுங்க" என்று கும்பிட்டார்.

கார் வெளியே போகும் சரிவில் ஏறி மருத்துவமனையின் வெளிவாசலுக்கு வந்தது. வெளியே பெரிய சாலை. இடைவெளியே இல்லாமல் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மச்சான் பிரேக்கில் காலை வைத்துக் காத்திருந்தார். வழக்கமாக ஹாரன் அடித்துக்கொண்டே மூக்கை நுழைக்கிறவர், அன்று ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் பக்கத்தில் மஞ்சளாக ஏதோ கடந்து போனது. செருப்பைக்கூட மாட்டாமல், முட்டியக்கா அவர்களுக்கு முன்னால் நடந்து, நேராகச் சாலைக்குள் இறங்கினார். ஒரு மணல் லாரி வந்துகொண்டிருந்தது. அதன் பக்கம் ஒரு கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினார். பிரேக் கிறீச்சிட்டது. லாரி குலுங்கி நின்றது, அவருடைய தலை அதன் விளக்கு உயரத்துக்கு இருந்தது. டிரைவர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. முட்டியக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண் முழுக்கக் காரின் பின்சீட்டில் இருந்தது. லாரியை நிறுத்திய கை அப்படியே நிற்க, இன்னொரு கையை இடுப்பு மட்டத்தில் வைத்து, தூங்குகிற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போலக் காற்றை மெல்லத் தட்டினார், மெதுவா, மெதுவா என்று.